டீச்சர் பதில்கள்: முப்பது பேர் கூடும் கோவில்

தரங்கம்பாடிக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் இருக்கும் ஒரு கிராமத்து லுத்தரன் சபையைச் சேர்ந்தவள் நான் என்று போன இதழில் எழுதியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தானோ என்னவோ, இந்த முறை சபை வாழ்க்கையைப் பற்றியே நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

டீச்சர், கணவருக்கு வேலை மாற்றல் ஆகி சென்னையிலிருந்து சின்ன ஊருக்கு வந்திருக்கிறோம். சென்னையில் நாங்கள் போன கோவிலில் ஒரு ஆராதனைக்கு ஐந்நூறு பேர் இருப்பார்கள். இங்கே லுத்தரன் கோவிலில் முப்பது பேர் வந்தாலே அதிகம், அதிலும் பாதிப் பேர் வயதானவர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் ஐயர் (போதகர்) வருகிறார். போன உடனே 'யார் வீட்டுப் பெண்' என்று விசாரித்தார்கள். ஒரு வாரம் போகாவிட்டால் வீட்டுக்கே வந்து விசாரிக்கிறார்கள். பக்கத்து டவுனில் பெரிய ஜெபவீடு இருக்கிறது, பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறது. அங்கே போய்விடலாமா?
— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

மகளே, எங்கே ஆராதிக்க வேண்டும் என்று உனக்கு உத்தரவு போட எனக்கு உரிமை இல்லை. ஆனால் முடிவெடுக்கும் முன் அடுத்த பண்டிகைக் காலம் முடியும் வரையாவது இங்கேயே இருந்து பார் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஐயர் இரண்டு ஞாயிறுதான் வருகிறார் என்றால் அவர் மற்ற ஞாயிறுகளில் சும்மா இருக்கிறார் என்று அர்த்தமில்லை. ஒரு ஐயரின் பொறுப்பில் இருக்கும் பகுதியைக் குருசேகரம் என்போம், அதில் நாலைந்து ஊர்ச் சபைகள் இருக்கும். காலையில் ஓர் ஊர், பத்து மணிக்கு இன்னோர் ஊர் என்று மோட்டார் சைக்கிளில் அங்கியைப் பையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவர் அவர். அவர் வராத ஞாயிறுகளில் ஐயருக்கு உதவியாகப் போதிக்கிற உபதேசியாரோ சபைப் பெரியவர் ஒருவரோ ஆராதனை நடத்துவார்கள். சபை யாருடையது என்பது அந்த ஞாயிறுகளில்தான் தெரியும். எங்கள் சபையில் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆன ஒரு அண்ணன் பழைய ஏற்பாட்டுப் பாடம் வாசிப்பார். குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். நர்சிங் படிக்கிற ஒரு பெண் கீபோர்டு வாசிக்கிறாள். சனிக்கிழமை சாயங்காலம் கோவிலைப் பெருக்கித் துடைப்பதற்கு வீட்டுக்கு ஒரு வாரம் என்று முறை உண்டு. ஐந்நூறு பேர் இருக்கும் இடத்தில் நீ போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். முப்பது பேர் இருக்கும் இடத்தில் உனக்கு ஒரு வேலை வந்து சேரும். 'அடுத்த வாரம் நிருப வாக்கியம் (புதிய ஏற்பாட்டுக் கடிதப் பகுதி) நீ வாசிக்கிறியாம்மா?' என்று யாராவது கேட்பார்கள். சரி என்று சொல்லிவிடு.

அப்புறம், வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அது உனக்குச் சங்கடமாக இருப்பது புரிகிறது. ஆனால் இதைக் கேள். நம் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர், 1536 கடைசியில் தன் விசுவாசத்தை விளக்கி எழுதிய ஷ்மால்கால்டு கட்டுரைகளில் ஓரிடத்தில், நற்செய்தி நம்மிடம் எந்தெந்த வழிகளில் வருகிறது என்று சொல்லிக்கொண்டு போகிறார். பிரசங்கம், ஞானஸ்நானம், நற்கருணை (அப்பமும் திராட்சரசமும் பெறுவது), பாவமன்னிப்பு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியாகச் சகோதரர்கள் ஒருவரோடொருவர் பேசி ஆறுதல் சொல்வதையும் அதே வரிசையில் சேர்க்கிறார். எத்தனை பெரிய இடம் கொடுத்திருக்கிறார் பார். பிரசங்கத்தை நாம் மேடையில் வைக்கிறோம், நற்கருணையைப் பலிபீடத்தில் வைக்கிறோம். மூட்டுவலியோடு உன் வீட்டுப் படியேறி வந்து, 'ஏம்மா ரெண்டு வாரமா காணோம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?' என்று கேட்கிற பாட்டியும் அந்த வரிசையில் நிற்கிறார். அவரை உட்கார வைத்து ஒரு டம்ளர் காபி கொடு.

எண்ணிக்கையைப் பற்றியும் சொல்கிறேன். 1530-ல் வந்த, லுத்தரன்களின் அடிப்படை அறிக்கையான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையின் 7-வது பிரிவு, நற்செய்தி சுத்தமாகப் போதிக்கப்பட்டு, ஞானஸ்நானம், நற்கருணை போன்ற திருச்சாதனங்கள் ஒழுங்காகக் கொடுக்கப்படுகிற பரிசுத்தவான்களின் கூட்டமே சபை என்கிறது. எத்தனை பேர் வேண்டும் என்று அதில் இல்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு ஐயர் 1706 ஜூலையில் வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் முதன்முதலாக ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஐந்து பேர், டேனிஷ்காரர் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அந்த ஐந்து பேரிலிருந்து ஆரம்பித்த சபைதான் நம்முடையது.

சின்ன சபையில் குறை இல்லையா என்றால், நிறைய உண்டு. வம்பு சீக்கிரம் பரவும். உன் பிள்ளையின் மார்க் உனக்கு முன்னால் அடுத்தவருக்குத் தெரிந்திருக்கும். கமிட்டியில் ஒரே நாலு பேர் வருடக்கணக்காக இருப்பார்கள். இளையவர்களை எதிலும் சேர்க்காமல் 'பசங்களுக்கு அக்கறை இல்லை' என்று சொல்வார்கள். அது நியாயமே இல்லை. இதையெல்லாம் உள்ளே இருந்து பேசு, வெளியே போய்விட்டால் பேச ஆள் இருக்காது.

மாதர் சங்கத்துக்கு ஒருமுறை போய்ப் பார். பல சபைகளில் இன்னும் பிடியரிசி வழக்கம் இருக்கிறது. உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்போம், மாதக் கடைசியில் கோவிலுக்குக் கொண்டு போவோம். எங்கள் சபையில் அந்த அரிசி முதலில் தனியாக இருக்கும் விதவைகள் வீட்டுக்குப் போகும், மிச்சம் விற்ற பணத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்குவோம். சந்தா கட்ட முடியாத வீட்டிலும் அந்த ஒரு பிடி இருக்கும்.

அறுப்பின் பண்டிகையைத் தவற விடாதே. பலிபீடத்துக்கு முன்னால் நெல் மூட்டை, வாழைத்தார், பூசணி, காலைக் கட்டிய சேவல் எல்லாம் கிடக்கும். ஆராதனை முடிந்ததும் ஏலம். போன வருடம் ஒரு எலுமிச்சம்பழத்தை ஒருவர் ஐம்பது ரூபாய்க்கு எடுத்தார், எடுத்த கையோடு 'திரும்பக் கோவிலுக்கே' என்றார். மறுபடி ஏலம், மறுபடி கோவிலுக்கே. அந்த ஒரு பழம் பல கை மாறிக் கோவில் கூரைக்கு ஓடு வாங்கும் பணத்தில் நல்ல பங்கைக் கொடுத்துவிட்டது. அந்தச் சிரிப்பையும் சத்தத்தையும் உன் பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

எங்கள் சபையில் ஞானப்பாட்டுகளை இழுத்து இழுத்துப் பாடுகிறார்கள். வாலிபர்கள் அந்த நேரத்தில் வெளியே போய் நிற்கிறார்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இப்போதைய பாடல்களை வைத்தால் என்ன?
— வாலிபர் சங்கச் செயலாளர், கும்பகோணம்

நிறுத்த வேண்டாம் தம்பி, வேகமாகப் பாடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன். நம் ஞானப்பாட்டுகளுக்கு மூலமான லுத்தர் காலத்து ஜெர்மன் பாடல்கள் துள்ளலான தாளத்தோடு பாடப்பட்டவை. ஒவ்வொரு எழுத்தையும் ஒரே நீளத்துக்கு இழுக்கிற வழக்கம் பின்னால் வந்தது. ஆக, வேகமாகப் பாடினால் பழைய முறைக்குத்தான் திரும்புகிறீர்கள் என்று பெரியவர்களிடம் சொல்லலாம்.

அந்தப் பாட்டுகள் தமிழில் வந்தது சும்மா வரவில்லை. 1740-ல் இந்தியாவுக்கு வந்து சென்னையில் பல்லாண்டு ஊழியம் செய்த ஜெர்மன் மிஷனரி பப்ரிசியஸ் ஐயர், ஜெர்மன் ராகம் கெடாமல் தமிழ்ச் சொற்களை அதில் உட்கார வைக்க எவ்வளவு உழைத்திருப்பார் என்று நினைத்துப் பாருங்கள். அதன் பக்கத்திலேயே நமக்குக் கீர்த்தனையும் இருக்கிறது. தஞ்சையில் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864), நம் ராகத்திலும் தாளத்திலும் எழுதிக் குவித்தார். ஒரு ஞாயிறு ஆராதனையில் ஒரு ஞானப்பாட்டு, ஒரு கீர்த்தனை, ஒரு புதுப் பாட்டு என்று வைத்தால் யாருக்கும் குறை இருக்காது.

இன்னொன்று. எங்கள் சபையில் கண் தெரியாத ஓர் அம்மா இருக்கிறார். ஞானப்பாட்டுகளை முதலிலிருந்து கடைசி சரணம் வரை புத்தகம் இல்லாமல் பாடுவார். புதுப் பாட்டைத் திரையில் போட்டால் அவருக்கு அன்றைக்கு ஆராதனையில் பங்கில்லை. பாட்டைத் தேர்வு செய்யும்போது அவரைப் போன்ற ஒருவரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸில் நடு இரவில் தெருத் தெருவாக டிரம்மும் கையுமாக வாலிபர்கள் பழைய பாட்டுகளைத்தானே பாடுகிறார்கள்? அப்போது யாரும் வெளியே போய் நிற்பதில்லை.

எங்கள் கோவிலில் இப்போதும் சில குடும்பங்கள் ஒரு பக்கம், சில குடும்பங்கள் இன்னொரு பக்கம் உட்காருகிறார்கள். யாரும் சொல்லி உட்காருவதில்லை, பழக்கம் என்கிறார்கள். ஐக்கியம் என்று பேசுகிற சபையில் இது சரியா, டீச்சர்?
— ஒரு தம்பி, தஞ்சாவூர் மாவட்டம்

சரியில்லை தம்பி. பழக்கம் என்று சொல்வதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் யாருக்கும் அதைக் காப்பாற்றத் தோன்றாது.

18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடிச் சபையிலேயே சாதிப்படி தனித்தனியாக உட்கார்ந்தார்கள். ஒரு சாராருக்குப் பாய், இன்னொரு சாராருக்கு வெறுந்தரை, நடுவில் இடைவெளி. 1733-ல் ஆரோன் ஐயர் குருப்பட்டம் பெற்றார், லுத்தரன் சபையின் முதல் இந்தியக் குரு என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். அதே காலத்தில் ராஜநாயக்கன் என்று ஓர் உபதேசியார் இருந்தார். தஞ்சைப் படையில் வீரராக இருந்தவர், ஊழியத்தில் அடியும் எதிர்ப்பும் தாங்கியவர். அடுத்த குருவாக அவரை எடுக்கலாமா என்ற பேச்சு வந்தது. அவர் தலித் குடும்பத்தில் பிறந்தவர் என்பதால், அவர் கையிலிருந்து மற்றவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-ல் பட்டம் இன்னொருவருக்குப் போனது. ஆரோன் ஐயர் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் ராஜநாயக்கன் பெயரையும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான் இரண்டு பெயரையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

இதோடு முடியவில்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேற்றுமையை அடியோடு விட வேண்டும் என்று கடிதம் எழுதினார். தஞ்சைப் பக்கம் பலர் அதை ஏற்கவில்லை. சில ஆண்டுகள் கழித்து ஜெர்மனியிலிருந்து லைப்சிக் மிஷன் என்ற லுத்தரன் ஊழிய அமைப்பு வந்தபோது, அது சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பாக இல்லை என்பதால் அவர்களில் ஒரு பகுதியினர் லுத்தரன் சபைக்கு வந்து சேர்ந்தார்கள். நம் சபைகளில் சிலவற்றின் வரலாற்றில் இது இருக்கிறது. மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதல் கடிதம் எழுதிய மகள், போன உடனே 'யார் வீட்டுப் பெண்' என்று விசாரித்ததாகவும் எழுதியிருந்தாள். பாசத்தில் கேட்கிறவர்களும் உண்டு, எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறவர்களும் உண்டு. கேட்கிறவர் முகத்திலேயே அது தெரிந்துவிடும்.

என்ன செய்யலாம்? எங்கள் சபையில் ஒரு காலத்தில் அன்பின் விருந்து நடந்தால் சில வீட்டார் தூக்குச் சட்டியில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள், பந்தியில் உட்கார மாட்டார்கள். அப்போது வந்த ஓர் இளம் ஐயர் சண்டை போடவில்லை. சமையல் குழுவை மாற்றினார். அண்டாவைக் கிளறவும், சோறு வடிக்கவும், பரிமாறவும் இரண்டு தெருவிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துப் போட்டார். கட்டிக் கொடுக்கிற வழக்கம் இனி படுக்கையில் இருக்கும் நோயாளிகளுக்கு மட்டும் என்றார். அந்த வருடம் இரண்டு குடும்பங்கள் வரவே இல்லை. அவர் போய் வீட்டில் உட்கார்ந்து பேசினார், ஆனால் சட்டத்தை மாற்றவில்லை. இப்போது ஒரே பந்தி, ஒரே வரிசை. நற்கருணைக்கும் முன் வரிசையிலிருந்து அப்படியே வரிசையாக எழுந்து போய்க் கிராதியில் முழங்காலிடுகிறோம். பக்கத்தில் யார், முன்னால் யார் என்று தேர்ந்தெடுக்க முடியாது. எல்லாருக்கும் ஒரே பாத்திரம்.

கல்யாணத்தில் இன்னும் மாறவில்லை என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். ஒரே பாத்திரத்தில் குடிக்கிறவர்கள் பெண் கொடுக்கும்போது மட்டும் தெருவைப் பார்க்கிறார்கள். இது எனக்கு மிகுந்த வேதனை.

உங்கள் ஊரில் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து காலத்தில் வீட்டு ஜெபக்கூட்டங்கள் எந்தெந்த வீட்டில் நடக்கின்றன என்று அட்டவணையை எடுத்துப் பாருங்கள். ஒரு தெருவுக்குக் கூட்டமே போகவில்லை என்றால் கமிட்டியில் எழுந்து ஏன் என்று கேளுங்கள். போகிற அன்றைக்கு நீங்களும் நாலு நண்பர்களோடு முன்னால் போய்ப் பாயில் உட்காருங்கள், கொடுக்கிற காபியைக் குடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டாருக்குப் பக்கத்தில் போய் உட்காருவது அதற்குப் பிறகு இயல்பாக வந்துவிடும்.

மகனுக்குத் திடப்படுத்தல் வகுப்பு (சபையின் முழு அங்கத்தினராகும் முன் படிப்பது) நடக்கிறது. கேள்வி பதிலாக விசுவாசத்தைக் கற்பிக்கிற ஞானோபதேசத்தை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு தாய், சீர்காழி

அம்மா, அவனைத் தனியாக விடாதீர்கள். லுத்தர் 1528-ல் சாக்சனியில் கிராமத்துச் சபைகளைப் பார்க்கப் போனார். கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியாமல் ஜனங்கள் இருந்ததைப் பார்த்து மனம் நொந்து, அடுத்த ஆண்டு சிறிய ஞானோபதேசத்தை எழுதினார். அதன் பகுதிகளுக்கு மேலே, குடும்பத் தலைவர் தன் வீட்டாருக்கு எளிமையாகக் கற்றுக்கொடுக்க வேண்டிய விதம் என்றே போட்டிருப்பார். அதாவது அது வீட்டில் படிக்க வந்த புத்தகம். ராத்திரி குடும்ப ஜெபத்தில் ஒரு நாளைக்குப் பத்துக் கற்பனைகளில் (கட்டளைகளில்) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 'இதற்கு அர்த்தம் என்ன?' என்று அவன் உங்களைக் கேட்கட்டும், நீங்கள் பதில் சொல்லுங்கள். அடுத்த நாள் நீங்கள் கேளுங்கள். அவன் அப்பாவும் உட்கார வேண்டும்.

கமிட்டித் தேர்தலுக்குப் பிறகு எங்கள் சபையில் அண்ணன் தம்பி குடும்பங்களே பேசிக்கொள்வதில்லை. ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொண்டு சபை இரண்டாக நிற்கிறது. ஐயர் பிரசங்கத்தில் கண்டித்தும் பயனில்லை.
— ஒரு பெரியவர், பொறையார் அருகில்

ஐயா, பிரசங்கத்தில் கண்டித்ததால் சண்டை பெரிதாகியிருக்கலாம். பேர் சொல்லாமல் சொன்னாலும் யாரைச் சொல்கிறார் என்று சின்ன சபையில் எல்லாருக்கும் தெரியும். சபை நடுவில் அவமானப்பட்டவர் எப்படி முதலில் இறங்கி வருவார்?

நம் லுத்தரன் எண்ணிக்கையில் 8-ஆம் கற்பனை, பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது. அதற்கு லுத்தர் எழுதிய விளக்கத்தில், அயலானுக்காகப் பரிந்து பேச வேண்டும், அவனைப் பற்றி நல்லதைச் சொல்ல வேண்டும், எல்லாவற்றையும் நல்ல விதமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வருகிறது. திடப்படுத்தல் எடுத்த ஒவ்வொருவரும் இதை ஒப்பித்தவர்கள்தான். உங்களைப் போன்ற பெரியவர்கள் செய்யக்கூடியது இதுதான்: அண்ணன் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது தம்பியைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். தம்பி வீட்டில் அண்ணனைப் பற்றிச் சொல்லுங்கள். இங்கே கேட்டதை அங்கே கொண்டு போகாதீர்கள். வீட்டுப் பெண்களிடம் தனியாகப் பேசச் சொல்லி மாதர் சங்கத்து அம்மாக்களைக் கேளுங்கள். பல சமயம் ஆண்கள் விறைத்துக்கொண்டு நிற்கும்போது பெண்கள் ஏற்கெனவே குழம்பு மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் சபையில் இப்படி ஒரு பிரிவு வந்து, ஒரு வீட்டில் சாவு விழுந்தபோதுதான் தீர்ந்தது. குழி வெட்ட ஆள் வேண்டும், பெட்டி தூக்க ஆள் வேண்டும். பேசாதவர்கள் வந்து தோள் கொடுத்தார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம் ஐயா, அடுத்த நற்கருணை ஞாயிறுக்கு முன்னாலேயே இருவரையும் உங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். கமிட்டியில் இருப்பவர்கள் இத்தனை ஆண்டுக்கு மேல் தொடரக் கூடாது என்று ஒரு முடிவும் எடுங்கள், பாதிச் சண்டைக்குக் காரணம் அதுதான்.

நாங்கள் இந்துக் குடும்பம். பக்கத்து வீட்டு லுத்தரன் தாத்தா படுத்த படுக்கையாக இருக்கிறார். எங்களுக்கு அவர் சொந்தத் தாத்தா மாதிரி. அவர் காலமானால் கோவில் ஆராதனைக்கும் கல்லறைக்கும் நாங்கள் போகலாமா? சி.எஸ்.ஐ. வேறு, லுத்தரன் வேறா?
— கல்லூரி மாணவி, மயிலாடுதுறை

சபை வேறுதான் மகளே. 1947-ல் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் முதலிய சபைகள் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., உருவானது. லுத்தரன் சபைகள் அதில் சேரவில்லை. நம் பக்கத்து லுத்தரன்கள் பெரும்பாலும் 1919-ல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். ஆனால் சாவு வீட்டில் இந்த வித்தியாசம் எல்லாம் யாரும் பார்ப்பதில்லை.

தாராளமாகப் போகலாம். அதற்கு முன் இப்போதே போய் அவர் பக்கத்தில் உட்கார், அவர் கேட்டால் ஒரு சங்கீதம் வாசித்துக் காட்டு. ஆராதனையில் மற்றவர்கள் எழுந்தால் எழுந்து நில், உட்கார்ந்தால் உட்கார். பாட்டுப் புத்தகத்தைப் பக்கத்தில் இருப்பவர் உன் பக்கம் நீட்டுவார், சேர்ந்து பாடினாலும் சரி, கேட்டுக்கொண்டிருந்தாலும் சரி. கிராமத்துக் கோவில்களில் செருப்பை வெளியே விடுவது வழக்கம். கல்லறையில் ஐயர் ஜெபம் முடித்ததும் வந்திருப்பவர்கள் ஒவ்வொருவராகக் குழியில் மண் போடுவார்கள். அதை வீட்டார் மட்டும் செய்வதில்லை, நீயும் போடலாம். திரும்பி வந்து அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று பார்த்துக்கொள். எங்கள் பக்கத்தில் சபையார் முறை போட்டுச் சாப்பாடு கொண்டு போவார்கள், உங்கள் அம்மாவையும் ஒரு வேளைக்கு அந்த முறையில் சேர்த்துக்கொள்ளச் சொல்.